இரண்டு ‘இல்லை’

அரிச்சந்திரன் நாடகம் தொடக்கம் முதல் ஒரு சொல்லுக்கு விலை பேசும் நாடகம். பொய்யே சொல்லாத மன்னன் ஒருவன் அயோத்தியில் இருக்கிறான் என்று இந்திர சபையில் வசிட்டர் சொல்ல, அவனைப் பொய் சொல்ல வைக்கிறேன் என்று விசுவாமித்திரர் தன் தவத்தையே பந்தயத்தில் வைக்கிறார். அதன்பின் நாடு போகிறது, பொன் கடனாகிறது, மனைவியும் மகனும் காசித் தெருவில் விலைப்படுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் தப்பும் வழி ஒன்று திறந்தே கிடக்கிறது. தருவதாகச் சொன்னது இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடனை வாங்கிவரக் கூடவே அனுப்பப்பட்ட ஆள் அந்த வார்த்தையை வழி நெடுகக் காதில் போட்டுக்கொண்டே வருகிறான். கடன் தீர்ந்தபின் தன் தரகுக் கூலி எங்கே என்று கேட்கிறான். அந்தக் கூலிக்காகத்தான் மன்னன் சுடலைக்கு உரிய வீரவாகுவிடம் தன்னை விற்றுச் சுடலை காக்கப் போகிறான். மயான காண்டம் அங்கே தொடங்குகிறது.

பெற்றோலிய நிறுவனங்களின் சந்தைப்படுத்தலும் காலநிலை மாற்ற மறுப்பும் இப்போது நாடக மேடைக்கு வந்துவிட்டன. ஆங்கில அரங்கில் அவற்றைப் பேசும் நாடகங்களுக்குப் பரிசும் பாராட்டும் உண்டு; யாழ்ப்பாணத்திலும் சுற்றாடல் நாடகம் என்ற பெயரில் பல போடப்படுகின்றன. அந்த வகை நாடகத்தை நிறுத்துப் பார்க்க ஈழத்து ரசிகரிடம் இருக்கும் சரியான படிக்கல் மயான காண்டம்தான். அதிலும் காங்கேசன்துறை மயான காண்டம்.

ஈழத்தில் அந்தக் காண்டத்தைத் தன் பெயரோடு ஒட்டிவைத்தவர் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). அவருடைய வசந்த கான சபா ‘சத்தியவான் சாவித்திரி’, ‘வள்ளி திருமணம்’, ‘பக்த நந்தனார்’ எல்லாம் மேடையேற்றியது. நந்தனாரே அவருடைய உச்சம் என்று சாதிக்கும் ரசிகர்கள் உண்டு, அவர்களோடு சண்டையில்லை. ஆனால் 3000 தடவைக்கு மேல் மேடையேறியதாகச் சொல்லப்படுவது மயான காண்டம். ஒரே கதை, ஒரே முடிவு, அதே பாட்டுகள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அடுத்த அடி என்ன என்பது மனப்பாடம். அப்படியிருந்தும் கோயில் வீதியில் சாக்கை விரித்து, மடியில் பிள்ளை தூங்க, விடியும்வரை சனம் இருந்தது என்றால், அவர்கள் கதையைப் பார்க்க வரவில்லை. ஒரு மனிதன் ஒரு சொல்லை எப்படிச் சொல்லாமல் விடுகிறான் என்பதைக் கேட்க வந்தார்கள்.

கேட்க என்ற சொல் இங்கே கவனத்தோடு எழுதப்படுகிறது. இசை நாடகத்தில் ராஜபார்ட் நடிகனுக்கு உடம்பால் செய்யக்கூடியது கொஞ்சம். மயான காண்டத்தில் அதுவும் இல்லை. கிரீடம் போய்விட்டது, சரிகை போய்விட்டது. கறுப்புக் கம்பளி, கையில் ஒரு கோல். ஆர்மோனியமும் மிருதங்கமும் விட்டுக்கொடுக்கும் இடைவெளியில் குரல் ஒன்றுதான் அவனை இன்னும் மன்னன் என்று காட்ட வேண்டும். உச்ச சுருதியில் விருத்தம் எடுத்து, அந்தச் சுருதியிலிருந்து இறங்காமல் அழுகையையும் அதிகாரத்தையும் ஒன்றாகக் கொண்டுபோக வேண்டும். அழுகை கூடினால் சங்கீதம் உடையும்; சங்கீதம் கூடினால் சுடலையில் கச்சேரி நடப்பதுபோல் ஆகும். வைரமுத்துவின் பெயர் நின்றது இந்த நூலிழையில்.

காண்டத்தின் நடு இடம் சுடலைக் கூலி கேட்கும் கட்டம். பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு மன்னனின் மனைவி சந்திரமதி இருளில் வருகிறாள். காவல்காரன் மறிக்கிறான். வாய்க்கரிசி, முழத்துண்டு, காற்பணம் என்று மூன்று கேட்கிறான். அவள் சொல்லும் பதில் ‘இல்லை’. நாடகத்தின் முதல் ‘இல்லை’ இது. அது உண்மை. அவளிடம் எதுவுமே இல்லை. ஆனால் அதை நம்ப அவனால் முடியவில்லை, ஏனென்றால் அவள் கழுத்தில் தாலி தெரிகிறது. கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய தாலி அது என்று அவள் சொன்னபிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் அறிகிறார்கள்.

சராசரி நடிகர்கள் இந்த அடையாளம் காணும் கணத்தில் உடைந்து விழுந்து கைதட்டலை வாங்கிவிடுவார்கள். காண்டத்தின் கனம் அடுத்த நிமிடத்தில் இருக்கிறது. மனைவி என்று தெரிந்தபிறகும், மடியில் கிடப்பது தன் பிள்ளை என்று தெரிந்தபிறகும், அவன் கூலியைக் கேட்கிறான். வாய்க்கரிசி தனக்குச் சேர வேண்டியது, அதை விட்டுவிடலாம். முழத்துண்டும் காற்பணமும் எசமானுடையவை. அவற்றை விட அவனுக்கு உரிமை கிடையாது. இந்தக் கணக்கு எத்தனை சிறியது! கால் பணம். யாரும் பார்க்காத இருட்டு. எரித்துவிட்டு, யாரும் வரவில்லை என்று சொன்னால் முடிந்தது. பொய் என்பது பெரிய சிம்மாசனங்களுக்காகச் சொல்லப்படுவது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பார்வையாளரை இந்தக் கால் பணம் திருப்பிப் போடுகிறது. இந்தக் கட்டத்தைச் சத்தத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டும். அடையாளம் கண்ட அழுகையின் ஈரம் குரலில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். மயான காண்டம் பாடிய எந்த நடிகரையும் இந்த ஒரு வரியை வைத்தே மதிப்பிடலாம்.

இரண்டாவது ‘இல்லை’ கடைசியில் வருகிறது, அல்லது வராமல் போகிறது. காற்பணம் தேடிப் போன சந்திரமதிமேல் காசி மன்னன் மகனைக் கொன்ற பழி விழுகிறது. வெட்டும் வேலை அரிச்சந்திரன் கைக்கு வருகிறது. வாள் ஓங்கிய நேரத்தில் விசுவாமித்திரர் வந்து நிற்கிறார். நாட்டைத் தருகிறேன், பிள்ளையை எழுப்பித் தருகிறேன், அந்த ஒரு சொல்லைச் சொல் என்கிறார். சந்திரமதியின் உண்மையான ‘இல்லை’க்குக் கால் பணம் பெறுமதியில்லை, அரிச்சந்திரன் சொல்ல வேண்டிய பொய்யான ‘இல்லை’க்கு அயோத்தி முழுவதும் விலை. ஒரே சொல்லை இரண்டு விலையில் வைத்துக் காட்டிய இந்தக் கட்டமைப்புக்கு நிகரானது உலக அரங்கிலும் அதிகம் கிடையாது.

இந்தக் கட்டம் நிற்பதற்கு விசுவாமித்திரர் நல்ல பாட்டுக்காரராக இருக்க வேண்டும். இசை நாடக மரபு இதைத் தர்க்கம் என்ற வடிவத்தில் பழக்கிவைத்திருக்கிறது. தர்க்கப் பாட்டில் இருவருக்கும் ஒரே மெட்டு, ஒரே சுருதி. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார். எதிராளி தளர்ந்தால் நாயகனும் தளர்கிறான். விசுவாமித்திரர் கேட்பதில் நியாயம் இருப்பதுபோல் ஒரு கணமாவது சபைக்குப் படவேண்டும். பிள்ளை உயிரோடு வருமென்றால் ஒரு பொய்தானே, சொல்லிவிடேன் என்று முன்வரிசைக் கிழவியின் வாய் முணுமுணுக்க வேண்டும். அது நடக்காத இரவில் மயான காண்டம் வெறும் ஒப்பாரி.

இந்தக் கலைக்கு ஈழத்து விமர்சனம் முழு நியாயம் செய்யவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1965) என்று கூத்துகளைப் புதுக்கி எடுத்தபோது படித்தவர் கண் நாட்டுக்கூத்தின் பக்கம் திரும்பியது. அது திரும்ப வேண்டியதுதான். அந்தப் பணி பெரியது. ஆனால் அதோடு சேர்த்து, இசை நாடகம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த சரக்கு, ஆர்மோனியமும் சீனும் வைத்துக் காசுக்கு ஆடுவது என்ற இளக்காரமும் வளர்ந்தது. கொட்டகைக் கூத்து என்று பெயர் சொல்லும் தொனியிலேயே அது தெரியும். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வழி வந்த மரபு என்பது உண்மை. வந்தது எங்கிருந்து என்பதைவிட இங்கே என்ன ஆனது என்பது முக்கியம். கூத்தின் பலம் ஆட்டத்திலும் தாளக்கட்டிலும் இருக்கிறது. இரண்டு பேர் அசையாமல் நின்று, ஒருவன் மற்றவனை ஒரு சொல்லுக்கு இழுக்கும் நாடகத்துக்கு இசை நாடகத்தின் நின்ற கோலமே பொருந்தும்.

வைரமுத்து பாடிய ஊரில் இன்னொரு பெரிய சத்தமும் இருந்தது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை அது. குடாநாட்டின் சுண்ணக்கல்லைத் தோண்டிச் சூளையில் சுட்டது. ஊருக்கு வேலை கொடுத்தது. ஊரின் பெயரை மூட்டையில் அச்சடித்து நாடெங்கும் அனுப்பியது. 1990இல் போரோடு நின்றது. தோண்டிய குழிகள் இன்னும் கிடக்கின்றன. சீமெந்தின் இரசாயனம் எளிது: 100 கிலோ கல்சியம் காபனேற்றைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ காபனீரொட்சைட்டு வானத்துக்குப் போகும். சூளைக்கு எரித்த எரிபொருளின் புகை இதற்கு மேல். உலகில் மனிதர் வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய 7 முதல் 8 வீதம் சீமெந்திலிருந்து வருகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில், அதே சுண்ணக்கல்லின் பொந்துகளில் தேங்கும் மழைநீரே குடிநீர்; கடல் ஏறினால் உப்பு முதலில் வருவது அந்த வழியாகத்தான். காலநிலை பற்றிய நாடகம் காங்கேசன்துறைக்கு அந்நியமான சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த நாடகத்தின் உண்மைக் கதை, அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கியது. 1969இல் அமெரிக்கப் புகையிலை நிறுவனம் ஒன்றின் உள்குறிப்பு, தங்கள் விற்பனைப் பொருள் சந்தேகமே என்று எழுதிவைத்தது. சிகரெட்டுக்குச் செய்த அந்தத் தொழில் பிறகு எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் கைமாறியது. 1977 யூலையில் எக்சோன் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருள் எரிப்பதால் பூமி சூடேறுகிறது என்று தன் நிறுவன மேலாளர்களுக்கே எடுத்துச் சொன்னார். வீட்டுக்குள் ‘உண்டு’ என்று தெரிந்திருந்தது. வெளியே ‘இல்லை’ என்று சொல்வதற்கு விளம்பரப் பக்கங்கள் வாங்கப்பட்டன. 1991இல் நிலக்கரி, மின்சார நிறுவனங்கள் சில அமெரிக்க நகரங்களில் நடத்திய பரிசோதனை விளம்பரம், பூமி சூடேறுவதை உண்மை என்ற இடத்திலிருந்து வெறும் கருதுகோள் என்ற இடத்துக்கு நகர்த்துவதைத் தன் நோக்கமாகவே எழுதி வைத்திருந்தது. 1998இல் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தில் எழுந்த திட்டமொன்று, சாதாரணக் குடிமகன் காலநிலை அறிவியலின் நிச்சயமின்மையை ஏற்றுக்கொள்ளும் நாளே தங்கள் வெற்றி என்று கணக்கிட்டது. பின்னர் 2000களின் நடுவில் பிரித்தானிய எண்ணெய் நிறுவனம் பீபி, காபன் அடிச்சுவடு என்ற சொல்லை விளம்பரத்தில் பரப்பி, உன் பங்கு எவ்வளவு என்று பார்ப்பவரையே கேட்டது. சுடலைக் கூலியைச் சந்திரமதியிடம் கேட்பதுபோன்ற கேள்விதான், ஆனால் கேட்டவர் வேறு வகை.

இந்தக் கதையை நேரடியாக எடுத்தாண்ட நாடகம் ‘கியோட்டோ’. எழுதியவர்கள் ஜோ மேர்ஃபி, ஜோ ரொபர்ட்சன். நெறியாள்கை ஸ்டீவன் டால்ட்ரியும் ஜஸ்டின் மார்ட்டினும். றோயல் ஷேக்ஸ்பியர் கம்பனியின் சுவான் அரங்கில் 2024 யூனில் மேடையேறி, 2025 தொடக்கத்தில் இலண்டனுக்குப் போனது. 1997 டிசெம்பரில் ஜப்பானின் கியோட்டோவில் முடிந்த காலநிலைப் பேச்சுவார்த்தைதான் பொருள். மிரியம் பூதரின் மேடை ஒரு பெரிய மாநாட்டு மேசை. பார்வையாளர் சிலர் பிரதிநிதிகளாக அதைச் சுற்றியே அமர்கிறார்கள். நாடகத்தின் மையப் பாத்திரம் விஞ்ஞானியுமில்லை, மூழ்கும் தீவின் மகளுமில்லை. எண்ணெய் நலன்களுக்காக வேலை செய்த அமெரிக்க வழக்கறிஞர் டொன் பேர்ள்மன். உண்மையில் வாழ்ந்தவர், ஜேர்மன் சஞ்சிகை ஒன்று காபன் கழகத்தின் தலைமைக் குரு என்று பட்டம் கொடுத்தது. ஸ்டீவன் குங்கன் நடித்த அந்தப் பேர்ள்மன் சபையைப் பார்த்து நேரே பேசுகிறார், கதையைத் தானே நடத்துகிறார். கடன் வசூலிக்க வந்த தரகனின் வாயால் அரிச்சந்திரன் கதை சொல்லப்பட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

துணிச்சலான தேர்வு இது, சரியான தேர்வும்கூட. பேர்ள்மன் பொய்யனாக வரவில்லை. சட்ட நுணுக்கம் அறிந்த, கெட்டிக்காரத்தனமான, தன் நாட்டின் சௌகரியத்தை நம்புகிற மனிதனாக வருகிறார். அவர் வேலை ஒரு வசனத்தில் ஒரு அடைமொழியைத் தளர்த்துவது, ஒரு பந்தியைச் சதுர அடைப்புக்குறிக்குள் தள்ளிவைப்பது, நேரத்தைக் கடத்துவது. இது கற்பனை அல்ல. 1995 நவம்பரில் மட்ரிட்டில் கூடிய விஞ்ஞானிகளும் அரசுப் பிரதிநிதிகளும் காலநிலையில் மனிதரின் தாக்கத்துக்கு எந்த அடைமொழி வைப்பது என்று நெடுநேரம் மல்லுக்கட்டினார்கள். கணிசமான என்ற பொருள் தரும் சொல் போய், பிரித்தறியத்தக்க என்ற பொருள் தரும் சொல் நின்றது. சவூதி அரேபியாவும் குவைத்தும் எதிர்த்தன. விசுவாமித்திரருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. இங்கே ஒரு அடைமொழி போதுமாக இருந்தது. சொல்லுக்கு நடக்கும் சண்டையை நாடகமாக்கலாம் என்று தெரிந்தவர்கள் எழுதிய நாடகம் ‘கியோட்டோ’. அந்த ஒன்றிலேயே அது மயான காண்டத்தின் தூரத்து உறவு.

இந்த வகைக்கு மூலம் இப்சனின் ‘மக்களின் பகைவன்’ (1882) என்பார்கள். ஊரின் மருத்துவ நீராடு நிலையத்தில் நஞ்சு கலந்திருப்பதைக் கண்டுபிடித்த மருத்துவரும், வருமானம் போகுமென்று அதை அமுக்கும் அவர் அண்ணனும் அதில் மோதுகிறார்கள். சத்யஜித் ராய் 1989இல் ‘கணசத்ரு’ என்ற படமாக்கி, நீராடு நிலையத்தைக் கோயில் தீர்த்தமாக மாற்றினார். பெரிய நாடகம்தான். ஆனால் இப்சனின் மருத்துவர் தன் உண்மையின் ருசியில் தானே மயங்கிப் பேசிக்கொண்டு போகிறார். கூட்டம் அவரை விட்டு விலகுவது அவர் பேச்சாலும்தான். அந்நாடகத்தில் மறக்க முடியாதவர் அச்சகக்காரர் அஸ்லாக்சன். எதிலும் மிதம் வேண்டும் என்று மென்மையாகச் சொல்லிச் சொல்லியே உண்மையைக் கொல்கிறவர். சந்தைப்படுத்தும் குரலை இப்சன் அடையாளம் கண்ட இடம் அவர்தான்.

மறுப்பாளனுக்கு மேடையில் நல்ல குரல் கொடுத்தால் மறுப்புக்கே உதவி செய்ததாகாதா என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது, ஏனென்றால் செய்தித்தாள்களில் அந்தத் தவறு நடந்தது. 1988 முதல் 2002 வரை அமெரிக்காவின் முன்னணிப் பத்திரிகைகள் எழுதியதை ஆராய்ந்து 2004இல் வெளிவந்த ஆய்வு, பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகள் இரு தரப்புக்கும் ஏறக்குறையச் சம இடம் கொடுத்ததைக் கண்டது. விஞ்ஞானிகள் பெரும்பாலும் ஒருமுகமாக இருந்த விடயத்தில் சந்தேகத்துக்குச் சரிபாதி கிடைத்தது. ஆனால் செய்தி வாசிப்பவருக்கு எது உண்மை என்று முன்கூட்டித் தெரியாது. மயான காண்டம் பார்ப்பவருக்குத் தெரியும். அரிச்சந்திரன் தருவதாகச் சொன்னதை அவரே முந்திய காட்சியில் காதால் கேட்டிருக்கிறார். உண்மை எது என்பது சபைக்குத் தெளிவான பிறகே தர்க்கம் தொடங்குகிறது. பேர்ள்மனின் சாமர்த்தியத்தை இரசிக்கிற இலண்டன் சபையும் கடல் ஏறிவிட்ட காலத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒழுங்கு இதுதான்: முதலில் உண்மை, பிறகு எதிராளிக்குச் சம சுருதி.

யாழ்ப்பாணத்து விழிப்புணர்வு நாடகங்கள் பெரும்பாலும் தவறுவது இங்கே. அவற்றில் நிறுவன முதலாளி கறுப்புக் கோட்டுப் போட்டு வருகிறார், வயிற்றைத் தடவிச் சிரிக்கிறார், மரத்தை வெட்டச் சொல்கிறார். மரமாக நிற்கும் பிள்ளைகள் அழுகிறார்கள். கடைசியில் ஒரு பதாகை. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் இந்நாடகத்தில் யாரும் யாரையும் எதற்கும் இழுப்பதில்லை. பணம் கொடுக்கும் அமைப்புக்குத் தேவையான செய்தி போய்ச் சேர்ந்தது என்று அறிக்கை எழுதலாம். நாடகம் நடந்தது என்று எழுத முடியாது. பொருளுக்கா பஞ்சம்? சுன்னாகத்து அனல் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் வழக்காகி, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தண்ணீரில் எண்ணெய் உண்டா இல்லையா என்று வலிகாமம் முழுவதும் கதைத்த காலம் அது. வாளியில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணுக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று கனிவாகச் சொல்லும் ஒரு படித்த மனிதருக்கும் இடையில் ஒரு தர்க்கம் எழுதப்பட்டால், அது மயான காண்டத்தின் பக்கத்தில் வைக்கத் தகுந்த நாடகமாகும்.

மயான காண்டமும் சுருங்கிவிட்டது. விழா நிகழ்ச்சிநிரலில் முக்கால் மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. வெட்டும்போது முதலில் போவது தர்க்கம், ஏனென்றால் அதில் அழுகை இல்லை. வாள் ஓங்கிய பிறகு விசுவாமித்திரர் வந்து இரண்டு வரி சொல்லிவிட்டுப் போகிறார். ஒலிவாங்கியை வாய்க்குள் வைத்துக்கொண்டு பாடும் பழக்கத்தில் காற்பணம் கேட்கும் வரியின் தணிந்த தொனி அழிந்துபோகிறது; எல்லாமே ஒரே உரப்பு. குரல் உள்ள இளையவர்கள் இருக்கிறார்கள், காங்கேசன்துறைப் பக்கத்தில் மீளக் குடியேறிய ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் 1990இல் ஊர் பெயர்ந்தபோது கோயில் வீதியும் கொட்டகையும் விடியவிடியக் கேட்கும் சபையும் சேர்ந்து சிதறின. நடிகனைத் திருத்தியது அந்தச் சபைதான். முணுமுணுக்கும் முன்வரிசை இல்லாமல் விசுவாமித்திரருக்கு யார் மெட்டுப் பிடித்துக் கொடுப்பது?

இரு நாடகங்களும் முடியும் விதம் வேறு. மயான காண்டத்தில் வாள் மாலையாகிறது, பிள்ளை எழுகிறான், முனிவர் தோல்வியை ஒத்துக்கொண்டு தவத்தைக் கொடுக்கிறார், மங்களம் பாடுகிறார்கள். ‘கியோட்டோ’வுக்கு வரலாறு அந்த வசதியைத் தரவில்லை. 1997 டிசெம்பர் 11ஆம் திகதி, குறித்த நேரம் தாண்டி, மொழிபெயர்ப்பாளர்கள் கிளம்பிப்போன பிறகும் தலைவர் ராவுல் எஸ்திராதா பந்தி பந்தியாகச் சுத்தியலைத் தட்டி உடன்படிக்கையை நிறைவேற்றினார். கைதட்டினார்கள், அழுதார்கள். ஆனால் அந்த ஆண்டு யூலையிலேயே, இப்படியொரு உடன்படிக்கை வேண்டாம் என்று அமெரிக்க செனற் 95க்கு 0 என்ற வாக்கில் தன் மனதைச் சொல்லியிருந்தது. உடன்படிக்கை 2005 பெப்ரவரி 16இல் நடைமுறைக்கு வந்தது. பேர்ள்மன் அதே ஆண்டில் இறந்தார். ஐக்கிய அமெரிக்கா 1998இல் கையொப்பமிட்டது. ஏற்புறுதி செய்யவே இல்லை.